இலைக்குழிக்குப் பொட்டு வைத்தவள்

எங்கள் பூங்காவில் போன வருடம் ஒரு பச்சைப் பலகை வைத்தார்கள். "இங்கு இலைகள் எரிக்கப்படுவதில்லை" என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி, ஓரத்தில் சிரிக்கிற இலை ஒன்றையும் வரைந்திருக்கிறார்கள். திறந்துவைக்க வந்தவர் காரை விட்டு இறங்கி, ரிப்பனை வெட்டி, பிஸ்கட் தின்றுவிட்டுப் போனார். இலைக்கு எதற்குச் சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல் எனக்குச் சீக்கிரம் வரும். காலமெல்லாம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வேறு என்ன வரும்? ஆனால் அன்றைக்கு எரிச்சலுக்கு நியாயம் இருந்தது. கூட்டத்தின் கடைசியில் துடைப்பத்தோடு நின்ற அன்னம்மாளை யாரும் முன்னால் கூப்பிடவில்லை. அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. "பலகை நல்லா கீது டீச்சர், மேல காக்கா குந்தாம பாத்துக்கணும்" என்றாள்.

அந்தப் பலகையில் எழுதாத கதையை நான் சொல்கிறேன். இதில் இலை, குழி, புகை எல்லாம் வரும். ஆனால் கதை என்னவோ அவள் புருஷன் கோவிந்தனின் மூச்சைப் பற்றியதுதான்.

கோவிந்தன் பெங்களூர் சிவாஜி நகரில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தவர். கல்யாண ஊர்வலங்களில் சிவப்புக் கோட்டும் தோளில் ஜரிகைக் குஞ்சமுமாக முன்வரிசையில் போவாராம். அன்னம்மாள் அவரை முதலில் பார்த்ததே அப்படி ஓர் ஊர்வலத்தில்தான். "எல்லாரும் மாப்பிள்ளைய பாத்தாங்க, நான் பேண்டுக்காரர பாத்துட்டேன். அன்னிக்கு ஆரம்பிச்சுது என் கிரகம்" என்று அவரை வைத்துக்கொண்டே சொல்லுவாள். அவர் மீசைக்குள் சிரிப்பார்.

தொண்ணூற்று மூன்று வாக்கில் அவருக்கு மூச்சிரைப்பு வந்தது. முதலில் நீளமாக ஊத முடியவில்லை. செட்டுக்காரர்கள் நல்லவர்கள், ஜால்ராவைக் கையில் கொடுத்து நடக்கச் சொன்னார்கள். பிறகு நடக்கவும் முடியவில்லை. டிரம்பெட் செட்டுக்குச் சொந்தமானது. அதைத் துணியால் பளபளவென்று துடைத்துக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆஸ்பத்திரியில் வாயில் வைத்து மருந்தை இழுக்கிற ஒரு பம்ப் எழுதிக் கொடுத்து, தூசி, புகை இரண்டும் கிட்டவே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் ஜீவனஹள்ளியில் புகை வராத வீட்டுக்கு எங்கே போவது? அவர்கள் இருந்தது ஒற்றை அறை. விடிந்ததும் சந்து முழுக்க வெந்நீர் அடுப்பு எரியும், மண்ணெண்ணெய் ஸ்டவ் எரியும். அதனால் அன்னம்மாள் பூங்காவுக்கு வேலைக்கு வரும்போது அவரையும் மெல்ல நடத்திக் கூட்டிவந்து, பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் கீழே கல் பெஞ்சில் உட்காரவைப்பாள். அங்கே காற்று இருந்தது. சாயங்காலம் சந்தில் அடுப்பெல்லாம் அணைந்தபிறகுதான் வீடு. அந்த மனுஷன் உயிரோடு இருந்தது அந்த பெஞ்சில்தான் என்று சொன்னால் மிகையில்லை.

அன்னம்மாளின் வேலை என்ன தெரியுமா? இலையைப் பெருக்கிக் குவித்து, நெருப்பு வைப்பது.

அப்போதெல்லாம் அதுதான் எல்லா இடத்திலும் வழக்கம். பூங்காவைப் பராமரிக்கும் கான்ட்ராக்டரின் மேஸ்திரி கிருஷ்ணப்பா வருவதற்குள் தரை சுத்தமாக இருக்க வேண்டும், இலை கண்ணில் படக்கூடாது. அன்னம்மாள் பெஞ்சுக்கு ரொம்ப தூரத்தில், எதிர் மூலையில்தான் கொளுத்துவாள். ஆனால் மார்கழி, தை மாதத்தில் பெங்களூர்ப் பனி புகையை மேலே விடாது. அது தரையோடு தரையாக ஊர்ந்து வந்து சரியாக அந்த பெஞ்சைக் கண்டுபிடிக்கும். கோவிந்தன் இருமுவார். இவள் துடைப்பத்தோடு ஓடிப்போய்த் தான் வைத்த நெருப்பைத் தானே அடித்து அணைப்பாள்.

நான் காலையில் நடக்க வருகிறவள். நாலைந்து நாள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏம்மா, கொளுத்தறதும் நீ, ஓடிவந்து அணைக்கறதும் நீயா?" என்று கேட்டேன்.

"கொளுத்தலன்னா மேஸ்திரி திட்றாரு டீச்சர். கொளுத்துனா இவரு இருமறாரு. நான் இன்னா செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றாள். கையில் தீப்பெட்டி இருந்தது. அதைத் தன் உடம்பை விட்டுத் தள்ளியே பிடித்திருந்தாள்.

வழி வந்தது ஓஸ்வால்ட் மூலமாக. ரயில்வேயில் இருந்து ரிட்டையரான ஆங்கிலோ இந்தியர், பூங்காவுக்குப் பின்தெருவில் வீடு. ரோஜாப் பைத்தியம். வாரத்துக்கு ஒருமுறை கோணிப்பையோடு வந்து இலையை அள்ளிக்கொண்டு போவார். வீட்டுப் பின்னால் அதை மட்கவைத்து ரோஜாவுக்குப் போடுவாராம். ஒருநாள் அன்னம்மாள் அவரை மறித்துக்கொண்டாள்.

"தொரை, ஒரு கோணி எதுக்கு? மொத்தத்தையும் எடுத்துக்கினு போங்க. புண்ணியமா போவும்."

"வாட் மேன் அன்னம், என் யார்டு இத்தனூண்டு. இத்தன இலைய எங்க போடுவேன்? இங்கயே ஒரு பிட் வெட்டு. நான் கடப்பாரை தர்றேன்."

கிருஷ்ணப்பாவிடம் போய்க் கேட்டார்கள். நானும் கூடப் போனேன், கணக்கு டீச்சருக்கு மேஸ்திரிகள் கொஞ்சம் பயப்படுவார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். கெட்ட மனுஷன் இல்லை. மேலே இருப்பவனிடம் திட்டு வாங்குகிற மனுஷன். "சரி, குழி தோண்டுங்க. ஆனா வாசனை வரக்கூடாது, ஹொகெ வரக்கூடாது. ஒரு கம்ப்ளெயிண்ட் வந்தா குழி க்ளோஸ். மறுநாளே அன்னம்மா கையில தீப்பெட்டி" என்றார். ஹொகெ என்றால் கன்னடத்தில் புகை. அந்த வார்த்தையை அவர் சொன்னபோது அன்னம்மாள் திரும்பி பெஞ்சைத்தான் பார்த்தாள்.

கிழக்குச் சுவரோரம் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டினாள். ஓர் அடுக்கு இலை, அதன்மேல் கரைத்த சாணி, அதன்மேல் கொஞ்சம் மண். சாணிக்குப் பஞ்சமில்லை, ஜீவனஹள்ளியில் அப்போது சந்துக்குச் சந்து மாடு. குழி நனையாமல் மேலே ஒரு தகரம். தெருவில் உள்ளவர்கள் பூஜைப் பூவையும் காய்கறித் தோலையும் கொண்டுவந்து போட ஆரம்பித்தார்கள். அதோடு ப்ளாஸ்டிக் பையையும் சேர்த்துத்தான் போட்டார்கள், அதற்கு நான் போட்ட சண்டைகளைச் சொன்னால் இன்னொரு புத்தகம் ஆகும். மல்லிகைச் சரத்தை நைலான் நூல் உருவாமல் போட்டால் அன்னம்மாள் வீட்டுக்கே போய்த் திருப்பிக் கொடுப்பாள். "பூவ சாமி எடுத்துக்குச்சு, நூல நீங்க எடுத்துக்கோங்க" என்பாள்.

சில மாதம் கழித்து முதல்முதலாகக் குழியின் அடியைக் கிளறியபோது கறுப்பாக, பொலபொலவென்று மண் வந்தது. எல்லோரும் அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் ஒரு பிடி அள்ளிக்கொண்டு நேராக பெஞ்சுக்குப் போனாள்.

"மோந்து பாரு."

கோவிந்தன் தயங்கினார். அப்போதெல்லாம் எதையும் மோந்து பார்க்க அவருக்குப் பயம். அவள் உள்ளங்கையை இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். அவர் மெல்ல மூச்சை இழுத்தார். இருமல் வரவில்லை. "மழ பெஞ்ச மாதிரி கீது அன்னம்" என்றார். அவள் அந்த மண்ணை அந்த பெஞ்சுக்குப் பக்கத்திலேயே தூவி, அங்கே ஒரு நித்தியமல்லிக் கொடியை நட்டாள்.

அன்றுமுதல் பூங்காவில் நெருப்பு இல்லை. கோவிந்தனுக்கு முகம் தெளிந்தது. பெஞ்சிலிருந்து கேட்டுவரை நடந்துபோய் வருவார். எங்களை எல்லாம் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவார். இரண்டு வருடம் இப்படி நன்றாகத்தான் போனது. அப்புறம் அந்த ஆயுத பூஜை வந்தது.

பேண்டு செட்டில் இருந்த காலத்தில் ஆயுத பூஜை அன்றைக்கு டிரம்பெட், டிரம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக் கும்பிடுவார்களாம். அந்த வழக்கத்தை அன்னம்மாள் பூங்காவுக்குக் கொண்டுவந்திருந்தாள். துடைப்பம், மண்வெட்டி, கூடை, தண்ணீர் ஊற்றும் ட்யூப், ஓஸ்வால்டின் கடப்பாரை எல்லாவற்றையும் கழுவி, மரத்தடியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பொரி, கடலை, வாழைப்பழம். கடைசியில் கையில் குங்குமத்தோடு நின்று யோசித்தாள்.

"குழியும்தானே வேல செய்யுது டீச்சர்? நாம தூங்கறப்பவும் அது செய்யுது. அத வுட்டுட்டா கோச்சுக்காதா?"

குழியின் விளிம்பில் இருந்த கல்லுக்குப் பொட்டு வைத்தாள். தகரத்தை நகர்த்தினாள். பூசணிக்காயின் மேல் கற்பூரம் ஏற்றிக் குழியைச் சுற்றிக் காட்டினாள். பூசணிக்காயை வழக்கமாகத் தெருவில்தான் உடைப்பார்கள். மறுநாள் ஸ்கூட்டர்க்காரர்கள் அதில் வழுக்கி விழுவார்கள். அன்னம்மாள் எதையும் வீணாக்குகிறவள் இல்லை. தெருவில் உடைத்தால் ஆளுக்கு ஆபத்து, குழியில் உடைத்தால் உரம் என்று நினைத்தாள். குழியின் விளிம்பில் ஓங்கி அடித்தாள். பூசணிக்காய் நாலாகச் சிதறி உள்ளே விழுந்தது. சொம்பிலிருந்து ஒரு கை தண்ணீர் தெளித்தாள். தகரத்தை மூடிவிட்டு எங்களுக்கெல்லாம் பொரி கொடுத்தாள். கோவிந்தனுக்கு மட்டும் கடலையைத் தோல் நீக்கிக் கொடுத்தாள்.

பூசணிக்காயோடு கற்பூரமும் உள்ளே போயிருந்தது. அந்த வருடம் புரட்டாசி மழை ஏமாற்றிவிட்டதால் மேல் இலை அப்பளமாகக் காய்ந்திருந்தது. தெளித்த தண்ணீரில் மேலே அணைந்தது; அடியில் அணையவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலையில் நான் மூன்றாவது சுற்று நடந்துகொண்டிருந்தபோது தகரத்தின் இடுக்கிலிருந்து புகை வருவதைப் பார்த்தேன். பாதி மட்கிய இலையின் புகை, எரிகிற இலையின் புகையைவிட மோசம். மஞ்சளாக, கனமாக, மூக்கில் அறைகிற மாதிரி இருக்கும். காற்றும் கிழக்கிலிருந்து. என்ன செய்வது என்று நான் திரும்புவதற்குள் அது பெஞ்சுக்குப் போய்விட்டது.

அன்னம்மாள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். குழிப்பக்கம் போகவே இல்லை, நேராக அவரிடம் போனாள். கோவிந்தனால் எழுந்திருக்க முடியவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. நானும் அவளுமாகத் தோளில் தாங்கி கேட்டுப் பக்கம் கொண்டுபோய்த் திண்டில் சாய்த்தோம். பம்ப்பை இரண்டு தடவை அடித்தாள். மார்பைத் தேய்த்துக்கொண்டே, "இழு, இழு, மெல்ல இழு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் மூச்சு வரும் சத்தம் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. பயந்துபோனேன், வேறென்ன சொல்ல.

அதற்குள் எதிர்வீட்டிலிருந்து யாரோ போன் செய்து, கிருஷ்ணப்பா வந்துவிட்டார். கூட்டமும் கூடிவிட்டது.

"ஏனம்மா இது? புகை வேணாம்னுதானே குழி வெச்சே? இப்போ குழியே ஹொகெ விடுதே! யாரு நெருப்பு போட்டது?"

அன்னம்மாள் குழியை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. திரும்பி கோவிந்தனின் மார்பைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"சொல்லலன்னா பரவாயில்ல. நான் அன்னிக்கே சொன்னேன். குழி க்ளோஸ். நாளையிலிருந்து பழையபடி..." என்று கிருஷ்ணப்பா ஆரம்பித்தார்.

திண்டில் சாய்ந்திருந்த கோவிந்தன் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

"நான்தான்" என்றார். ஒரு மூச்சு. "பீடி." இன்னொரு மூச்சு. "குடிச்சிட்டு... போட்டுட்டேன்."

பின்னாலிருந்து யாரோ சிரித்துவிட்டு, உடனே நிறுத்திக்கொண்டார்கள். ஒரு பீடி போதும் அந்த மனுஷனைக் கொண்டுபோக. அந்த பீடியைத்தான் குடித்தேன் என்கிறார், உதட்டில் நீலம்கூடப் போகாமல்.

அன்னம்மாள் வெடித்தாள்.

"பீடியா? யோவ், ஊதுபத்தி ஏத்துனாலே தெருவுக்கு ஓடற ஆளு, நீ பீடி குடிச்சியா? யாருய்யா குடுத்தா? எங்க குந்திக்கினு குடிச்ச?" நிஜமாகவே அவர் குடித்துவிட்ட மாதிரித் திட்டினாள். திட்டத் திட்டக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அப்புறம் விடுவிடுவென்று குழிக்குப் போய், தகரத்தைத் தள்ளி, உள்ளே கையை விட்டுப் பாதி கருகின ஒரு பூசணித் துண்டை எடுத்துவந்தாள். அதில் குங்குமம் அப்படியே இருந்தது.

"அண்ணா, அவரு பொய் சொல்றாரு. நான்தான். ஆயுத பூஜைக்கு குழிக்கு கற்பூரம் காட்டுனேன். காய அதுக்குள்ளயே ஒடச்சேன். அது வுழுந்து நெருப்பு புடிச்சிக்கிச்சு. என்ன வேணா செய்யி, குழிய மூடாத."

கிருஷ்ணப்பா அந்தத் துண்டைப் பார்த்தார். அவர் சட்டைக் கையிலும் லாரிக்குப் பூஜை செய்த குங்குமத்தின் கறை இருந்தது. "குழிக்கா? குழிக்கு பூஜெ மாடுனியா?" என்றார், பூஜை செய்தாயா என்று, ஏதோ தன்னையே கேட்டுக்கொள்கிற மாதிரி. "நாங்க லாரிக்கு மாடுனோம். நீ குழிக்கு."

பிறகு பேன்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டார். "மொதல்ல நெருப்ப அணைங்க. மண்வெட்டி கொடு" என்று அவரே குழிக்குள் இறங்கினார். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து ஏதோ கத்தியதற்கு, "ஆயுத பூஜெ ஹொகெ சார், பிடிங்க பிடிங்க" என்று கத்திவிட்டார். கன்னடத்தில் பிடி என்றால் விட்டுத்தள்ளு. அதற்குமேல் மாடிக்காரர் என்ன பேசுவார்? அன்றைக்குப் பார்த்து கரண்டு இல்லை, போர் மோட்டார் ஓடவில்லை. என் வீட்டிலிருந்தும் ஓஸ்வால்ட் வீட்டிலிருந்தும் பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுபோய் ஊற்றினோம். துணி துவைத்த தண்ணீரைக்கூட விடவில்லை.

எல்லாம் ஓய்ந்தபிறகு கிருஷ்ணப்பா அன்னம்மாளிடம் விரலை ஆட்டினார். "இன்னொரு தபா இங்க கற்பூரம் கண்ணுல பட்டா குழியும் இல்ல, உனக்கு கெலசமும் இல்ல." கெலசம் என்றால் வேலை.

குழியின் அடி ஆறும்வரை கோவிந்தன் என் வீட்டு முன்னறையில் இருந்தார். ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டுக் கொடுத்தேன். ரேடியோவில் ஏதாவது ஓடினால், நாற்காலிக் கையின்மேல் அவருடைய மூன்று விரல்கள் மாறி மாறி அமுங்கும், அங்கே டிரம்பெட்டின் பட்டன்கள் இருக்கிற மாதிரி. நான் பார்த்தால் நிறுத்திக்கொள்வார். அதனால் நான் பார்க்காத மாதிரி இருக்கப் பழகிக்கொண்டேன்.

அன்னம்மாள் வேலை முடிந்து வருவாள். வாசலோடு நின்றுவிடுவாள். புடவையில் புகை வாடை இருக்குமாம். பின்பக்கக் குழாயடிக்குப் போய்த் தலையோடு குளித்து, பையில் கொண்டுவந்த மாற்றுப் புடவையைக் கட்டிக்கொண்டு, அதற்கப்புறம்தான் அவர் கிட்டே போய் உட்காருவாள். ஈரத் தலையோடு அவள் அவருக்கு டீ ஆற்றும்போது நான் என் சால்வையை எடுத்துவந்து அவள் தோளில் போடுவேன். எரிச்சல் மட்டும்தான் எனக்கு வரும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவள் கேட்டாள். "எதுக்குய்யா பீடின்னு புளுகுன? உன்ன யாரு நம்புவா?"

கோவிந்தன் டீயைக் கீழே வைத்தார்.

"குழி போச்சுன்னா நீதானே மறுபடியும் கொளுத்தணும்? தீக்குச்சிய கையில வெச்சுக்கினு என்னைய ஒரு பார்வ பாப்ப பாரு, கொளுத்தறதுக்கு முன்னாடி. இருமல்கூட தாங்கிக்குவேன் அன்னம். அந்தப் பார்வைய என்னால தாங்க முடியல."

அவள் டம்ளரை எடுத்து மறுபடியும் ஆற்ற ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது. நான் எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ ஆயுத பூஜை வந்து போய்விட்டது. ஆனால் அடுத்த வருடம் வந்ததைத்தான் சொல்ல வேண்டும். கிருஷ்ணப்பா வேண்டுமென்றே நேரத்தோடு வந்து, கையைக் கட்டிக்கொண்டு மரத்தடியில் நின்றார். ஓஸ்வால்ட் தன் கடப்பாரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்னம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் கற்பூரம் இல்லை, ஊதுபத்தி இல்லை. தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து செக்கச் செவேலென்று ஆலம் கரைத்திருந்தாள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பெண்ணுக்குச் சுற்றுகிற மாதிரி.

"இதுல எங்க நெருப்பு கீதுன்னு பாத்துக்கோ அண்ணா" என்றாள் கிருஷ்ணப்பாவிடம். அவர் எட்டிப் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டுச் சிரித்தார்.

துடைப்பத்துக்கும் மண்வெட்டிக்கும் கூடைக்கும் பொட்டு. குழியின் கல்லுக்கு ஒரு பொட்டு. பூசணிக்காயைக் கத்தியால் அறுத்து, குங்குமம் தடவி உள்ளே போட்டாள். ஆலத்தைக் குழிக்கு மூன்று சுற்று சுற்றினாள். முடிந்தது என்று நாங்கள் பொரிக்குக் கையை நீட்டினோம். அவள் முடிக்கவில்லை. தட்டோடு பெஞ்சுக்குப் போனாள். கோவிந்தனைச் சுற்றி ஆலத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஏய், இன்னாது இது? ஆயுத பூஜையில மனுசனுக்கு எதுக்கு சுத்தற? எல்லாரும் பாக்கறாங்க" என்று அவர் நெளிந்தார்.

"பாக்கட்டும். ஓடற மிஷினுக்கெல்லாம் பொட்டு வெக்கறாங்க. எனக்கு இது ஓடணும்."

விரலில் சந்தனம் எடுத்து அவர் மார்புக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள். அவருக்கு வெட்கம். எங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சட்டையின் மேல் பொத்தானைத் தானே அவிழ்த்துவிட்டு, ஊர்வலம் கிளம்பப் போகும் பேண்டுக்காரராக நிமிர்ந்து உட்கார்ந்தார்.